மாட்டுக்கு எண்ணெய் பூசிய விதவை: மேரி ஃபீல்டிங் ஸ்மித்

வழிப்போக்கி

பக்கத்து இழையில் அமெரிக்காவின் "முன்னோடித் தாய்" சிலைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. 1928, 1929 ஆண்டுகளில் பழைய நெடுஞ்சாலைகளை ஒட்டிப் பன்னிரண்டு மாநிலங்களில் ஒரே மாதிரியான பன்னிரண்டு சிலைகளை வைத்தார்கள். கையில் குழந்தை, பாவாடையைப் பிடித்தபடி ஒரு பையன், கூடவே ஒரு துப்பாக்கி. பெயர் மட்டும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் வாழ்க்கையில் ஒரு தடவையாவது கோபப்பட்டவராகத் தெரியவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான். சரி, பெயரும் கோபமும் உள்ள ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று இதைத் தொடங்குகிறேன்.

மேரி ஃபீல்டிங், 1801 இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையரில் பிறந்தவர். மெதடிஸ்ட் குடும்பம். முப்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் ஜோசப்பும் தங்கை மெர்சியும் முன்பே கனடாவுக்குப் போயிருந்தார்கள். 1834 இல் இவரும் கப்பலேறினார். 1836 இல் டொராண்டோ பக்கம் பார்லி பிராட் என்ற, மார்மன் எனப்படும் புதிய கிறிஸ்தவச் சபையின் ஊழியர் வந்து பிரசங்கம் செய்தார். மூவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜோசப் ஸ்மித் 1830 இல் தொடங்கிய அந்தச் சபைக்கு அப்போது வயது ஆறு. அடுத்த வருஷம் மூவரும் ஓஹையோ மாநிலத்தின் கர்ட்லண்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஹைரமின் மனைவி, 1837 அக்டோபரில் பிள்ளை பெற்ற சில நாளில் இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. அதே டிசம்பர் 24 ஆம் தேதி மேரி ஹைரமை மணந்தார். முப்பத்தாறு வயதில், ஒரே நாளில் ஐந்து பிள்ளைகளுக்குத் தாய்.

பிறகு மிசூரி. 1838 அக்டோபர் 27 அன்று அந்த மாநில ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சில நாளில் ஹைரம் கைதானார். நவம்பர் 13 அன்று மேரிக்கு முதல் குழந்தை பிறந்தது. அதன்பின் மாதக்கணக்கில் படுக்கை. மெர்சிக்கும் அப்போது கைக்குழந்தை இருந்ததால் இரண்டுக்கும் அவரே பால் கொடுத்தார். ஆயுதம் தாங்கியவர்கள் வீட்டைச் சோதனை போட வந்து மெத்தையைத் தூக்கி எறிந்ததில், குழந்தை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தபோது மூச்சுத் திணறி நிறம் மாறியிருந்ததாம். 1839 பிப்ரவரியில், எழுந்து உட்காரக்கூட முடியாத மேரியைப் படுக்கையோடு வண்டியில் ஏற்றி லிபர்ட்டி சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஹைரம் தன் மகனை முதன்முதலில் பார்த்தது அந்தச் சிறைக்குள்தான்.

பிறகு இல்லினாய், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊர். 1841 இல் ஒரு பெண் குழந்தை, மார்த்தா ஆன். 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் புகுந்து ஹைரமையும் ஜோசப் ஸ்மித்தையும் சுட்டுக் கொன்றது.

மாட்டுக் கதை இதற்குப் பிறகுதான். முதலில் யாருக்கு இதில் ஆர்வம் என்று பார்க்கிறேன்.

செங்கல்சூளை

ஆர்வம் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் நடந்தது எது, பிற்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல மெருகேற்றியது எது என்று பிரிக்கவே முடிவதில்லை. மேரி கைப்பட எழுதியது ஏதாவது இருக்கிறதா?

வழிப்போக்கி

இருக்கிறது. நான் அவரைப் பிடித்துக்கொண்டதே அந்தக் கடிதங்களால்தான்.

சிறையில் இருந்த ஹைரமுக்கு மேரியிடமிருந்து கடிதம் வராததில் மனவருத்தம். தன்னை மறந்துவிட்டாளோ என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டார். 1839 ஏப்ரலில் மேரி எழுதிய பதிலில் "அப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாமா, அதைத் தாங்க முடியவில்லை, என் மனசு எப்படிப்பட்டது என்று நீங்கள் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை" என்ற பொருளில் நேராகவே சொல்கிறார். யோசித்துப் பாருங்கள். படுத்த படுக்கை, கைக்குழந்தை, மூத்தாள் பிள்ளைகள், ஊரைவிட்டு ஊர் ஓடி வந்த அலைச்சல். இதற்கு நடுவே "கடிதம் போடவில்லையே" என்று ஒரு குறை! எரிச்சல் வராமல் இருக்குமா?

அதே ஆண்டு ஜூனில், ஊழியத்துக்காக இங்கிலாந்து போயிருந்த அண்ணனுக்கு ஒரு கடிதம். எந்த நேரத்தில் தனக்கு அன்பான கவனிப்பு மிகவும் தேவைப்பட்டதோ அந்த நேரத்தில் ஆயுதக்காரர்கள் வந்து கணவனைக் கொண்டுபோனார்கள் என்று எழுதுகிறார். பட்ட கஷ்டத்தை மறைக்கவே இல்லை. அதே மூச்சில், கொஞ்சமும் மனம் தளரவில்லை என்றும் எழுதுகிறார். இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. சிலை செய்தவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மாட்டுவண்டி60

நான் பக்கத்து இழையிலிருந்து வந்தேன். அம்மணி, அந்த மாட்டுக் கதையைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நான் பத்தாவது படிக்கும்வரை வண்டி மாடு இருந்தது. மாடு நடுவழியில் படுத்துவிட்டால் என்ன பாடு என்பது எனக்குத் தெரியும்.

வழிப்போக்கி

உங்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன் ஐயா.

1846 செப்டம்பரில் நாவூவில் சண்டை வெடிக்கப்போகிறது என்ற நிலையில், மேரி பிள்ளைகளோடு ஆற்றைக் கடந்து அயோவா கரைக்கு வந்துவிட்டார். அங்கிருந்து மிசூரி ஆற்றங்கரையில் விண்டர் குவார்ட்டர்ஸ் என்ற தற்காலிகக் குடியிருப்பு. அங்கே இருந்தபோது 1847 இல் சாமான் வாங்க அண்ணனோடும் எட்டு வயது மகனோடும் மிசூரி மாநிலத்துக்குள் போய்த் திரும்பும் வழியில் ஒரு ஜோடி மாடு காணாமல் போனது. அண்ணனும் பையனும் காடெல்லாம் தேடிவிட்டு நனைந்து, சோர்ந்து திரும்பினார்கள். பையன் வந்து பார்த்தபோது அம்மா முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நீங்கள் சாப்பிடுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன் என்று ஆற்றுப் பக்கம் நடந்தார். அந்தப் பக்கம் மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் "உங்கள் மாட்டை வேறு திசையில் பார்த்தேன்" என்றார். மேரி காதில் வாங்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். மேரி அப்போதும் திரும்பவில்லை. ஓடைப் பள்ளத்தில், வில்லோ மரப் புதருக்குள், இரண்டு மாடும் கட்டப்பட்டு நின்றன.

1848 கோடையில் பெரிய பயணம். சால்ட் லேக் பள்ளத்தாக்குவரை ஏறக்குறைய 1,030 மைல். மேரியிடம் வண்டிகள் இருந்தன, இழுக்க மாடு போதவில்லை. இரண்டிரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, பழகாத இளங்காளைகளையும் பால்மாட்டையும்கூட நுகத்தில் பூட்டினார். முதல் 20 சொச்சம் மைலுக்கே மூன்று நாள் ஆனது. அவர்கள் பிரிவுக்குத் தலைவரான கார்னீலியஸ் லாட் இதைப் பார்த்துவிட்டு, நீங்கள் வந்தால் வழி நெடுக எங்களுக்குச் சுமைதான், திரும்பிப் போய் அடுத்த வருஷம் யாராவது உதவினால் வாருங்கள் என்றார். மேரி சொன்ன பதில்: உங்களுக்கு முன்னால் நான் பள்ளத்தாக்கில் இருப்பேன், உங்களிடம் ஒரு உதவியும் கேட்க மாட்டேன்.

சொல்லிவிட்டு விண்டர் குவார்ட்டர்ஸ் திரும்பிப் போய்க் கடனுக்கும் வாடகைக்கும் மாடு பிடித்துக்கொண்டு வந்தார். சவால் விட்டது பலருக்குத் தெரியும். மாடு பிடிக்கப் போனதை நிறையப் பேர் சொல்வதில்லை.

பிளாட் ஆற்றுக்கும் ஸ்வீட்வாட்டர் ஆற்றுக்கும் நடுவே, அவருடைய நல்ல மாடு ஒன்று நுகத்தோடு சரிந்து விழுந்தது. சாகப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். லாட், நான் அப்போதே சொன்னேனே என்கிற தோரணையில் பேசினார். மேரி வண்டிக்குள் போய், சபையில் நோயாளிகளுக்குப் பூசுவதற்காக வைத்திருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார். அண்ணனையும் ஜேம்ஸ் லாசன் என்பவரையும் கூப்பிட்டு, மனிதருக்குச் செய்வதுபோலவே மாட்டின் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார். மாடு எழுந்து நடந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று விழுந்தது. அதற்கும் அப்படியே செய்தார்கள், அதுவும் எழுந்தது.

மாட்டுவண்டி60

பால்மாட்டை ஏரில் பூட்டினால் எங்கள் தாத்தா சாட்டையை நம் பக்கம் திருப்பியிருப்பார்! ஆனால் வேறு வழி இல்லாதவர்கள் எங்கும் செய்வதுதான். பழகாத காளையைப் பழகின மாட்டோடு ஜோடி சேர்த்தால் பாரம் முழுக்கப் பழகினதின் கழுத்தில்தான் விழும். நல்ல மாடு முதலில் விழுந்தது என்கிறீர்களே, அது சரியாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் பூசியதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்கு மாட்டுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிற ஊர்க்காரன் நான். மாடு குடும்பத்தில் ஒன்று என்று நினைக்கிறவருக்கு அந்த ஜெபம் விசித்திரமாக இருக்காது.

செங்கல்சூளை

நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும். அந்த வழியில் போனவர்களின் நாட்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது காரத் தண்ணீர். ஸ்வீட்வாட்டரை நெருங்கும் இடத்தில் உவர் படிந்த குட்டைகள் நிறைய. அதைக் குடித்த மாடு வயிறு ஊதிச் சாயும். வண்டிக்காரர்கள் பன்றிக் கொழுப்பையும் வினிகரையும் வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். சில பிழைக்கும், சில செத்துப்போகும். மேரியின் மாடு விழுந்ததும் அதே வட்டாரம். இது நிரூபணம் ஆகாது என்று எனக்கே தெரியும். எண்ணெய் பூசாத மாடுகளும் சில சமயம் எழுந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. இந்தக் கதை எல்லாமே மகன் ஜோசப் எஃப். ஸ்மித் வளர்ந்த பிறகு சொன்னது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. தாயை அவமானப்படுத்திய மனிதரை ஒன்பது வயதுப் பையன் எப்படி ஞாபகம் வைத்திருப்பான்? லாட் பக்கமும் நியாயம் இல்லையா? அக்டோபர் தாண்டினால் மலைக்கணவாயில் பனி. ஒரு வண்டி தாமதித்தால் எல்லா வண்டியும் நிற்கும். 1856 இல் தாமதமாகக் கிளம்பிய கைவண்டிக் கூட்டங்கள் இரண்டில் 200 பேருக்கு மேல் பனியிலும் பசியிலும் இறந்தார்கள்.

வழிப்போக்கி

காரத் தண்ணீர் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். சொல்லப்போனால் லாட்டின் மாடுகளும் அதே வட்டாரத்தில்தான் திடீரென்று செத்தன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவர் மேரியைக் குறிவைத்து ஜாடையாகப் பேச, லாசன் சட்டையை மடித்துக்கொண்டு சண்டைக்கே போய்விட்டார். விஷம் வைத்தது தண்ணீராகத்தான் இருக்கும். லாட் நல்ல விவசாயி, நாவூவில் ஜோசப் ஸ்மித்தின் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். வில்லனாக்க எனக்கும் விருப்பமில்லை.

ஆனால் எண்ணெய் பலித்ததா இல்லையா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அந்தக் குப்பியில் இருந்தது மனிதர்களுக்கென்று ஒதுக்கிய எண்ணெய். அதை மாட்டுக்கு எடுக்கலாமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஜெபிக்க ஆண்கள்தான் வேண்டும் என்பது வழக்கம், ஆண்களைக் கூப்பிட்டார். ஆனால் முடிவு எடுத்தது அவர். இந்த மாடு போனால் என் பிள்ளைகள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான், ஆகவே கடவுளே இது உன் வேலையும்கூட என்கிற மாதிரி. நான் இதைப் பணிவு என்று சொல்ல மாட்டேன். கடன்காரரிடம் பேசுகிற தொனி அது.

நூலகப்பூனை

கடன்காரர் என்றதும் ஞாபகம் வந்தது. மேரியும் மெர்சியும் நாவூவில் நடத்திய ஒரு சென்ட் வசூல் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆலயம் கட்டக் கண்ணாடியும் ஆணியும் வேண்டும், பெண்கள் ஆளுக்கு வாரம் ஒரு சென்ட் கொடுங்கள் என்று 1843 கடைசியில் தொடங்கினார்கள். ஒருவருக்கு வருஷத்துக்கு 52 சென்ட். சில்லறையாகச் சேர்ந்து ஆயிரம் டாலர் அளவுக்கு வந்துவிட்டது. நடுவில் ஹைரம் கொல்லப்பட்டார், வசூல் நிற்கவில்லை.

அந்த ஆலயத்தை முடித்த கையோடு விட்டுவிட்டுத்தான் 1846 இல் கிளம்பினார்கள். 1848 அக்டோபரில் யாரோ தீ வைத்து எரித்தார்கள். மேரி பள்ளத்தாக்கில் இறங்கிச் சில வாரம்கூட ஆகவில்லை.

வழிப்போக்கி

ஆமாம். நாம் மண்டபத்துக்கு ட்யூப்லைட் கொடுத்தால் அதில் உபயம் என்று பெயர் எழுதி வைக்கிறோம். அந்த ஜன்னல் கண்ணாடி எதிலும் ஒரு சென்ட் கொடுத்தவர் பெயர் இல்லை, கடைசியில் கண்ணாடியும் இல்லை.

கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன். மலையைக் கடக்கும் நாள் காலையில் மேரியின் மாடுகள் சில விலகிப் போயிருந்தன. லாட் காத்திருக்காமல் மற்ற வண்டிகளைக் கிளப்பினார். ஏற்றத்தில் பாதி போகும்போது இடியும் மழையும் வந்து, அவிழ்த்துவிட்ட மாடுகள் எல்லாம் சிதறி ஓடின. விலகிப் போனவை அதற்குள் கிடைத்துவிட்டதால், மேரியின் மாடுகள் மட்டும் அவர் வண்டிப் பக்கம் இருந்தன. பூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அண்ணன், அவர்களுக்காக நாம் காத்திருக்க வேண்டாமா என்று கேட்டாராம். அவர்கள் நமக்காகக் காத்திருக்கவில்லையே என்றார் தங்கை. 1848 செப்டம்பர் 23, சனிக்கிழமை ராத்திரி பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். லாட் மறுநாள் வந்தார்.

உப்புக்காற்று

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "பள்ளத்தாக்கில் இறங்கினார்கள்" என்று சொல்லும்போது அது யாருடைய பள்ளத்தாக்கு என்பதையும் சொல்ல வேண்டாமா? யூட், ஷோஷோன், கோஷூட் மக்கள் நடமாடிய நிலம் அது. மேரி வந்து ஒன்றரை வருஷத்துக்குள், 1850 பிப்ரவரியில், தெற்கே ப்ரோவோ பக்கம் குடியேறிகளின் படை யூட் மக்களைத் துரத்தித் துரத்திச் சுட்டது. அந்தப் பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடிய தாய்கள்தான். அவர்கள் பிரார்த்தனையை எழுதிவைக்க ஒரு மகன் மிஞ்சவில்லை.

வழிப்போக்கி

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுக்கவும் மாட்டேன். மிசூரியில் இவர்களை ஒழிக்கச் சொன்ன உத்தரவு வந்து பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கிறேன்.

தேவதாரு

உப்புக்காற்று சொன்னதோடு இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். ஜேன் மேனிங் ஜேம்ஸ். கனெக்டிகட்டில் பிறந்த சுதந்திரக் கறுப்பினப் பெண். 1843 இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் நாவூவுக்குக் கிளம்பினார். பஃபலோவில் கறுப்பர்கள் என்பதால் படகில் ஏற்றவில்லை. அங்கிருந்து ஏறக்குறைய 800 மைல் நடந்தார்கள். செருப்புத் தேய்ந்து, கால் வெடித்து, நடந்த தடமெல்லாம் ரத்தம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லி எழுதவைத்திருக்கிறார்.

1847 செப்டம்பரிலேயே ஜேன் சால்ட் லேக் வந்துவிட்டார், மேரிக்கு ஒரு வருஷம் முன்பு. 1849 வசந்தத்தில் ஊரெல்லாம் பஞ்சம். எலைசா லைமன் என்ற பெண்ணின் கணவர் கலிபோர்னியாவுக்கு ஊழியம் போய்விட்டார், வீட்டில் மாவு இல்லை. ஜேன் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார், அது அவரிடம் இருந்ததில் பாதி என்று எலைசா நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரே வரிதான். எனக்கு எண்ணெய்க் குப்பியைவிட அந்த வரி பெரிது.

அதே ஜேன், ஆலயச் சடங்குகளில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கிழவியாகும்வரை தலைவர்களிடம் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டே இருந்தார். நிறத்தைக் காட்டி மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 1908 இல் இறந்தார். அடக்க ஆராதனையில் பேசியவர் யார் தெரியுமா? அப்போது சபைத் தலைவராக இருந்த ஜோசப் எஃப். ஸ்மித். மேரியின் மகன். சபை அந்தத் தடையை நீக்கியது 1978 இல்.

செங்கல்சூளை

இது எனக்குத் தெரியாது. நன்றி. மாவு கொடுத்தவளுக்கு மறுத்தவர்கள், எண்ணெய் பூசிய மாட்டைக் கொண்டாடினார்கள் என்று எழுத நினைத்தேன், வேண்டாம், மாட்டுவண்டி ஐயா கோபித்துக்கொள்வார்.

வேறொரு கேள்வி. மார்மன்களின் பலதார மணத்தில் மேரிக்குப் பங்கு உண்டா?

நூலகப்பூனை

உண்டு. மெர்சியின் கணவர் 1841 இல் இறந்தார். 1843 இல் ஹைரம் மெர்சியையும் மணந்தார், மேரியின் சம்மதத்தோடு. நம் ஊரிலும் அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டது புதிதில்லை என்பதால் நமக்கு அவ்வளவு அதிர்ச்சி இருக்காது. ஹைரம் இறந்த பிறகு 1844 இல் மேரி, ஹீபர் கிம்பல் என்ற தலைவரின் பல மனைவிகளில் ஒருவரானார். ஆனால் வாழ்ந்தது தனியாக, தன் பண்ணையில், தன் பிள்ளைகளோடு.

மாட்டுவண்டி60

பண்ணை எப்படி? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

வழிப்போக்கி

மில் கிரீக் என்ற இடம், ஊருக்குத் தெற்கே. முதலில் வண்டிக்குள்ளேயே குடியிருந்தார்கள். 1850 வாக்கில் பச்சைச் செங்கல்லில் ஒரு சின்ன வீடு எழும்பியது. அந்த வீட்டைப் பெயர்த்து வந்து சால்ட் லேக் நகரின் பாரம்பரியப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். அத்தனை பேர் எப்படிப் படுத்தார்கள் என்று தோன்றும்.

அந்தப் பண்ணையில்தான் உருளைக்கிழங்கு கதை. வசந்தத்தில் குழியைத் திறந்ததும் நல்ல கிழங்காகப் பார்த்து ஒரு வண்டி ஏற்றித் தசமபாகம், அதாவது விளைச்சலில் சபைக்கான பத்தில் ஒரு பங்கு, கொடுக்கப் போனார். அங்கிருந்த எழுத்தர், விதவையிடம் வாங்குவது வெட்கம், உங்களுக்கே நாங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார். மேரி அவரைப் பிடித்து ஏசிவிட்டார்: வெட்கப்பட வேண்டியது நீ. எனக்கு வர வேண்டிய ஆசீர்வாதத்தை நீ தடுக்கப் பார்க்கிறாயா? நான் கொடுக்காவிட்டால் கடவுள் எனக்குத் தராமல் நிறுத்திக்கொள்வார். மகன் இதை 1900 ஏப்ரல் மாநாட்டில் சபை முன்னால் சொன்னார். பையன் அன்று வண்டி ஓட்டிக்கொண்டு கூடவே போயிருந்தான்.

எழுத்தர் காட்டியது இரக்கம்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் அன்றிலிருந்து அவர் கொடுக்கிறவர் இல்லை, வாங்குகிறவர். லாட் சொன்ன அதே "சுமை", மரியாதையான வார்த்தையில்.

செங்கல்சூளை

ஏழையிடம் தசமபாகம் வாங்குவதை நியாயப்படுத்த இந்தக் கதையை எத்தனை மேடையில் பயன்படுத்தியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

வழிப்போக்கி

நிறைய மேடையில். அதற்கு மேரி பொறுப்பில்லை.

தேவதாரு

முடிவு எப்படி?

வழிப்போக்கி

பள்ளத்தாக்கில் நான்கு வருஷம். 1852 செப்டம்பர் 21 அன்று, 51 வயதில், கிம்பல் வீட்டில் நோயில் இறந்தார். மகனுக்குப் பதினான்குகூட ஆகவில்லை, மார்த்தா ஆனுக்குப் பதினொன்று. ஆசிரியர் தோல்வாரை எடுத்துத் தங்கையை அடிக்க வந்தபோது பையன் அவரை அடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேறினான். அம்மா போன பிறகு நான் எந்த ஈர்ப்பும் பிடிக்காத வால்நட்சத்திரம் மாதிரி இருந்தேன் என்று பிற்காலத்தில் எழுதினார். பதினைந்து வயதில் ஹவாய்க்கு ஊழியம் அனுப்பிவிட்டார்கள். அனுப்பினார்களா, அடக்கினார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மூத்தாள் மகள் லொவீனா கல்யாணமாகி இல்லினாயிலேயே தங்கிவிட்டார். தம்பி ஜான் கிழக்கே போய் அவரையும் குடும்பத்தையும் அழைத்து வந்தார். அவர்கள் பள்ளத்தாக்கில் வந்து இறங்கியது 1860 இல். மேரி இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

மாட்டுவண்டி60

அந்த இரண்டு மாடு கடைசிவரை வந்து சேர்ந்ததா?

வழிப்போக்கி

எண்ணெய் பூசின இரண்டும் நுகத்தில் தொடர்ந்து இழுத்தன என்றுதான் மகன் சொல்கிறார் ஐயா.